கலங்கல் தண்ணீர், அடைத்த மெம்பரேன்: வேங்கிக்கால் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஆர்.ஓ. மெஷின் பழுது பார்ப்பவர்களின் போன் ஓயாது. கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள நகர்கள், ஏரிக்கரைத் தெருக்கள், வேலூர் சாலைக் குடியிருப்புகள் என எங்கும் ஒரே புகார்தான்: "போன சித்திரையிலதான் மெம்பரேன் மாத்தினோம், அதுக்குள்ள சொட்டுச் சொட்டா வருது." கார்த்திகை தீபத்துக்கு உறவினர்கள் வந்து இறங்கும் வாரத்தில் இது நடப்பதால் வீட்டில் இருப்பவர்களுக்கு இரட்டைக் கஷ்டம்.

பெரும்பாலான வீடுகளில் மெஷினில் குறை இல்லை. அதற்குள் போகும் தண்ணீரில்தான் குறை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது நம் மலைச் சரிவிலேயே மண் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் போயின. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அந்த வெள்ளத்தில் மண்ணும் வந்தது, மக்கிய இலைதழையும் வந்தது. திருவண்ணாமலை நகரத்தின் குடிநீருக்குச் சாத்தனூர் முக்கியமான ஆதாரம். சுத்திகரித்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் வெள்ளக்காலத்தில் மிக நுண்ணிய கலங்கல் கொஞ்சம் மிஞ்சும். வழியில் குழாய் உடைந்தால் சேறும் சேரும். இந்தக் களிமண்ணையும் மக்கிய இலைகளின் சாற்றையும், ஆர்.ஓ. மெஷினின் வடிகட்டும் சவ்வான மெம்பரேன் வரை வரவிடாமல் தொட்டியிலேயே தடுப்பது எப்படி என்பதற்கான குறிப்புகள் இவை.

1. முதலில் பாட்டில் சோதனை. உறை உரித்த, நிறமில்லாத ஒரு லிட்டர் பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, ஜன்னல் ஓரமாக, ஆனால் வெயில் படாமல் அசையாமல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். ஒரு மணி நேரத்துக்குள் படிவது வண்டல். மறுநாள் காலையிலும் மேலே மங்கலாக நிற்பது களிமண். களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது. 2 மைக்ரான் துகள் 10 செ.மீ. கீழே இறங்கவே சுமார் 8 மணி நேரம் ஆகும். அதைவிடச் சிறியவை நாள்கணக்கில் மிதக்கும். துகள்களின் மேல் உள்ள ஒரே வகை மின்னேற்றம் அவற்றை ஒன்றோடொன்று சேரவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இப்போது பாட்டிலின் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். நன்றாகத் தெளிந்த தண்ணீரிலும் மங்கிய மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் அது மக்கிய இலை, வேர், பாசியிலிருந்து கரைந்து வந்த சாறு. எத்தனை நாள் வைத்தாலும் அது படியாது. உங்கள் வீட்டுக்கு வருவது மணலா, களிமண்ணா, சாறா என்பது தெரிந்தால்தான் மற்ற குறிப்புகளில் எது உங்களுக்கு என்பது புரியும்.

2. களிமண்ணும் இலைச்சாறும் சேர்ந்தால்தான் ஆபத்து. வெறும் களிமண் மெம்பரேன் மேல் தளர்வான படலமாகப் படியும்; வேகமாகத் தண்ணீர் ஓடினால் பெருமளவு அடித்துக்கொண்டு போய்விடும். வெறும் சாறு மெல்லியதாக ஒட்டும். இரண்டும் ஒன்றாக வரும்போது சாறு பசையாகிக் களிமண் துகள்களின் இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் கூடினால் அது சாற்றின் ஒரு முனையையும் மெம்பரேனையும் பிணைக்கும் கொக்கியாகிவிடும். அந்தக் காலத்தில் சுண்ணாம்பு, மணலோடு கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து எப்படி இறுகியதோ, அப்படித்தான் இதுவும் இறுகும்.

3. ஆகவே இரண்டு தண்ணீரையும் கலக்காதீர்கள். நம் பகுதியில் ஒரே சம்பில் போர் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் விடும் பழக்கம் உண்டு. கோடையில் பரவாயில்லை. குழாயில் பழுப்பு நிறம் தெரியும் மழை நாள்களில் மட்டும் ஆர்.ஓ.வுக்குப் போகும் தொட்டியில் ஏதாவது ஒன்றை மட்டும் விடுங்கள். உங்கள் போர் மழையிலும் தெளிவாக வந்தால் அதுவே அந்த நாள்களுக்கு நல்லது.

4. டி.டி.எஸ். மீட்டரை நம்பிக் கலங்கலை அளக்காதீர்கள். அந்தக் கருவி கரைந்த உப்பை, மின்சாரம் பாயும் அளவை வைத்துக் கணக்கிடுகிறது. களிமண்ணும் இலைச்சாறும் அதற்குக் கண்ணிலேயே படாது. செக்கச்செவேலென்று கலங்கிய ஏரித் தண்ணீரில் வைத்தாலும் குறைந்த எண்ணைக் காட்டும். "டி.டி.எஸ். கம்மிதான், மெஷினுக்கு ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அதேபோல, மின்கம்பி இணைத்த இரண்டு தண்டுகளைத் தண்ணீரில் விட்டு, அது பழுப்பாக மாறுவதைக் காட்டி, "பாருங்கள் எவ்வளவு அழுக்கு" என்று விற்க வருபவர்களும் உண்டு. அந்தப் பழுப்பு இரும்புத் தண்டு அரித்து வந்த துரு. தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல.

5. சம்புக்கு ஓர் இரவு ஓய்வு கொடுங்கள். குழாயில் தண்ணீர் விட்டதும் மோட்டாரைப் போடுவது நம் எல்லார் வீட்டுப் பழக்கம். மழைக்காலத்தில் இதை மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும் நேரத்துக்கு முன்பே சம்பில் இருக்கும் தெளிந்த நீரை மேல்தொட்டிக்கு ஏற்றிவிடுங்கள். புதிதாக வந்து விழும் தண்ணீர் இரவு முழுக்க அசையாமல் கிடக்கட்டும். மணலும் வண்டலும் அதற்குள் அடியில் உட்கார்ந்துவிடும். மோட்டாரின் ஃபுட் வால்வு சம்பின் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் உட்கார்ந்த சகதியை உறிஞ்சித்தான் மேலே அனுப்பும். ஒரு சாண் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். சம்பு மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினால் முற்றத்து வேப்பிலையும் வாசல் தெளித்த தண்ணீரும் உள்ளே இறங்காது.

6. மேல்தொட்டியில் இரண்டு ஓட்டை. ஒன்று வீட்டுக்குப் போகும் குழாய். அது அடியிலிருந்து நான்கைந்து விரற்கடை மேலே இருக்க வேண்டும். இன்னொன்று தரையை ஒட்டிச் சகதி வெளியேறும் வால்வு. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அந்த வால்வை அரை நிமிடம் திறந்துவிடுங்கள். முதலில் விழும் தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து, அடியில் தங்குவதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மணல், வண்டல். வழவழவென்று விரலில் ஒட்டினால் களிமண்ணோடு பாசியும் கிருமிப் படலமும் சேர்ந்திருக்கிறது. தொட்டியைக் கழுவும் நேரம் வந்துவிட்டது. வெயில் ஊடுருவும் வெளிர்நிறத் தொட்டியானால் பாசி விடாது வளரும். அதற்குக் கறுப்புத் தார்ப்பாய் சுற்றலாம்.

7. மொட்டை மாடி மழைநீர். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நல்ல ஏற்பாடு. ஆனால் சில வீடுகளில் மாடிக் குழாயை நேராகப் போருக்குள் இறக்கிவிடுகிறார்கள். மாடியில் மக்கிக் கிடந்த இலையும் புழுதியும் அப்படியே போருக்குள் போய், பிறகு மோட்டார் வழியாக நம் ஃபில்டருக்கே திரும்பி வரும். கருங்கல் ஜல்லி, மணல், கரி அடுக்கிய வடிகட்டும் குழி ஒன்றைக் கடந்துதான் தண்ணீர் உள்ளே இறங்க வேண்டும். மாடிக் குழாயின் வாயில் வலை கட்டுங்கள். பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்: 1,000 சதுர அடி மாடியில் முதல் 2 மி.மீ. மழை என்றால் ஏறத்தாழ 185 லிட்டர். புரட்டாசி முடிவதற்குள் மாடியைக் கூட்டிவிடுவது இந்த எல்லா வேலையையும் பாதியாக்கும்.

8. துணி வடிகட்டு எதைத் தடுக்கும்? பழைய பருத்திப் புடவையை நான்கைந்து மடிப்பாக மடித்தால் சுமார் 20 மைக்ரான் வரை தடுக்கும். வங்கதேசக் கிராமங்களில் நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் செய்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் புடவையில் வடிகட்டிய வீடுகளில் காலரா 48 சதவீதம் குறைந்தது. காலராக் கிருமி ஒட்டிக்கொண்டு வரும் நுண்ணிய மிதவை உயிரிகளைத் துணி பிடித்துவிட்டது. ஆனால் 2 மைக்ரான் களிமண்ணைத் துணி பிடிக்காது. குழாய் வாயில் துணி கட்டுங்கள். இலைத்தூளும் புழுவும் நிற்கும், ஃபில்டருக்கு அதுவே ஓர் உதவி. தினமும் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

9. படிகாரத்தை அளந்து போடுங்கள். களிமண்ணின் எதிர்மின்னேற்றத்தைப் படிகாரத்தின் அலுமினியம் தணிக்கிறது. உடனே துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளாகி எடை கூடி இறங்கும். இலைச்சாற்றிலும் ஒரு பங்கைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். குண்டுக் கட்டியைக் குடத்துக்குள் கைபோன போக்கில் சுழற்றுவதைவிட இப்படிச் செய்யுங்கள்: 5 கிராம் படிகாரப் பொடியை 100 மி.லி. நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் கலங்கல் தண்ணீருக்கு அந்தக் கரைசலில் 10 மி.லி.யில் தொடங்கி, போதாவிட்டால் 20 மி.லி. வரை போகலாம். ஊற்றியதும் ஒரு நிமிடம் வேகமாகக் கலக்குங்கள். அடுத்த ஐந்து நிமிடம் அகப்பையை மெதுவாக, தண்ணீர் சுழல்வதே தெரியாதபடி நகர்த்துங்கள். சிறு சிறு பஞ்சுத் துணுக்குகள் உருவாவது கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தில் வேகமாகக் கலக்கினால் அவை உடைந்து வேலை கெட்டுவிடும். இரண்டு மணி நேரம் மூடி வைத்து, மேலே உள்ள முக்கால் பங்கை மட்டும் மொண்டு எடுங்கள்.

படிகாரம் கிருமியைக் கொல்லாது. குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். படிகாரத்தை மேல்தொட்டியில் போடவே கூடாது. அங்கே கலக்கவும் வழியில்லை, மொள்ளவும் வழியில்லை. திரள்களும் மிஞ்சிய அலுமினியமும் குழாயில் இறங்கி மெம்பரேன் மேல் புதிதாக ஒரு படிவை உண்டாக்கும்.

10. தேற்றாங்கொட்டை, முருங்கை விதை. தேற்றாங்கொட்டையை மண்பானையின் உள்பக்கம் உரசித் தண்ணீரைத் தெளியவைப்பது கலித்தொகைக் காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்த வித்தை. பானைத் தண்ணீருக்கு இன்றும் நல்லது. தெளிந்ததைக் காய்ச்சி அன்றன்றைக்கே குடித்துவிடுங்கள். ஆனால் ஃபில்டருக்குப் போகும் தண்ணீரில் இவற்றைப் போட வேண்டாம். களிமண் இறங்கினாலும் விதையின் சாறு தண்ணீரிலேயே தங்கி, நாம் விரட்ட நினைக்கும் அதே பசையைக் கூட்டும். தேங்க வைத்தால் கிருமிக்கும் தீனி.

11. ஸ்பன் ஃபில்டர்தான் காவல்காரர். மெஷினுக்கு வெளியே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும் அந்த வெள்ளை உருளை பெரும்பாலும் 5 மைக்ரான் அளவு. மழைக்காலத்தில் அதற்குமுன் 20 மைக்ரானில் ஒன்று வைத்தால் சுமை பிரியும். நிறம் மாறியதும் கழற்றி, குழாயடியில் தேய்த்துக் கழுவி மறுபடி மாட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. ஒருமுறை பழைய உருளையை நீளவாக்கில் கத்தியால் பிளந்து பாருங்கள். வெளித்தோல் வெள்ளையாகக் கழுவப்பட்டிருந்தாலும் உள்ளே நடுக்குழல் வரை பழுப்பு வளையங்கள் ஏறியிருக்கும். அதைக் கழுவ முடியாது. 100, 200 ரூபாய் உருளையை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றினாலும் ஆயிரங்களில் விற்கும் மெம்பரேனைவிட மலிவுதான். கூடு ஒளியை உள்ளே விடுவதால் வெயில் பட்டால் உள்ளே பாசி பிடிக்கும். நிழலான சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

பெரிய நிலையங்களிலும் இதே கவனம்தான். சென்னைக்கு அருகே நெம்மேலியில் 2013-ல் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் மெம்பரேனுக்கு முன்பாகவே கலங்கல் நீக்கும் கட்டங்கள் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் 0.45 மைக்ரான் வடிதாள் வழியாக 15 நிமிடம் தண்ணீரைச் செலுத்தி, தாள் எவ்வளவு அடைபடுகிறது என்று ஓர் எண் கணக்கிடுவார்கள். அந்த எண் 5-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் மெம்பரேனுக்கு ஆகாது. நம் வீட்டில் அந்த வடிதாளின் வேலையைச் செய்வது ஸ்பன் உருளை: இரண்டே வாரத்தில் அது காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தால் தொட்டியில்தான் வேலை பாக்கி.

12. கார்பன் உருளையும் பிளீச்சிங் பவுடரும். கார்பன் இலைச்சாற்றையும் குளோரினையும் பிடிக்கும். களிமண் மூடினால் இரண்டையும் விட்டுவிடும். இன்றைய மெம்பரேன்கள் பாலிஅமைடால் ஆனவை. குளோரின் அவற்றை அரித்துவிடும். 1960-ஐ ஒட்டிக் கலிஃபோர்னியாவில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய, நடைமுறைக்கு ஏற்ற முதல் ஆர்.ஓ. மெம்பரேன் செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனது, அது ஓரளவு தாங்கியது. வெள்ளம் வடிந்தபின் சம்பைப் பிளீச்சிங் பவுடரால் கழுவும்போது ஆர்.ஓ.வுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, கழுவிய தண்ணீர் முழுவதும் வெளியேறிய பிறகே திறவுங்கள். தொட்டி நீரில் குளோரின் சேர்க்க வேண்டுமென்றால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர், அதுவும் தண்ணீர் தெளிந்த பிறகு. கலங்கலில் போட்டால் மண்ணும் சாறும் அதைத் தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது.

13. ஒரு லிட்டருக்கு எத்தனை நிமிடம்? புது மெம்பரேன் மாட்டிய அன்று ஒரு லிட்டர் நிறைய ஆகும் நேரத்தையும் டி.டி.எஸ். எண்ணையும் மெஷின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதிவையுங்கள். வீடுகளில் பரவலாக உள்ள 75 ஜி.பி.டி. (நாளொன்றுக்கு 75 கேலன்) மெம்பரேன், நல்ல அழுத்தத்தில், ஒரு லிட்டரை ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் தரும். மாதம் ஒருமுறை பாருங்கள். மார்கழியில் நேரம் கூடினால் பதற வேண்டாம்; தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் வரத்து சுமார் 3 சதவீதம் குறையும்.

14. அடைப்பா, கிழிசலா? வரத்து குறைந்து டி.டி.எஸ். கொஞ்சம் ஏறினால் அடைப்பு. படிந்த அடுக்குக்குள் உப்பு சிக்கித் தேங்குவதால் எண் ஏறுகிறது. வரத்து கூடி டி.டி.எஸ். எகிறினால் மெம்பரேன் அரித்துவிட்டது. மாற்றுவதைத் தவிர வழியில்லை. வரத்தும் கழிவுத் தண்ணீரும் சேர்ந்து குறைந்தால் முதலில் ஸ்பன் உருளையையும் பம்பையும் பாருங்கள். மெம்பரேனை மாற்றச் சொல்லும் முன் இந்த மூன்றில் எது என்று சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் அளந்து காட்டிவிட்டுத்தான் பேசுவார்.

15. ஃப்ளஷ் செய்யுங்கள். கழிவுக் குழாயில் ஃப்ளஷ் வால்வு இருந்தால் கலங்கல் நாள்களில் தினம் இரண்டு மூன்று நிமிடம் திறந்துவிடுங்கள். மெம்பரேன் மேல் தண்ணீர் வேகமாக ஓடி, இறுகாத படலத்தை அடித்துச் செல்லும். இறுகிய பிறகு இதில் பலன் இல்லை.

16. ஆசிடில் ஊறவைக்க விடாதீர்கள். சுண்ணாம்புப் படிவுக்குச் சிட்ரிக் அமிலம் சரி. களிமண்ணும் இலைச்சாறும் அடைத்த மெம்பரேனை முதலில் அமிலத்தில் போட்டால் சாறு திரண்டு இன்னும் இறுகும். அதற்குக் காரக் கரைசல்தான் முதல் மருந்து; நிலையங்களில் அப்படித்தான் செய்வார்கள். அது கண்ணையும் தோலையும் எரிக்கும் சரக்கு, சமையலறையில் வேண்டாம். மெம்பரேனைப் பிரித்துப் பிரஷால் தேய்ப்பதும் கூடாது.

17. ஊருக்குப் போகும்போது மெஷினை நிறுத்தி உள்தொட்டியைக் காலிசெய்யுங்கள். திரும்பியதும் முதல் தொட்டித் தண்ணீரைப் பாத்திரம் கழுவ எடுத்துக்கொண்டு, அடுத்ததைக் குடியுங்கள்.

18. உங்களுக்கு ஆர்.ஓ. தேவையா? இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-இன்படி குடிநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மி.கி. வரை விரும்பத்தக்கது. குழாய்த் தண்ணீர் அதற்குள் இருந்து, ஃப்ளோரைடு போன்ற வேறு சிக்கலும் இல்லையென்றால் ஆர்.ஓ. வேண்டாம், நுண்துளைக் குழல்கள் கொண்ட யு.எஃப். ஃபில்டரும் யு.வி.யும் போதும். யு.எஃப். கலங்கலை நன்றாகப் பிடிக்கும், அதனாலேயே சீக்கிரம் அடையும். பின்பக்கமாகத் தண்ணீர் செலுத்திக் கழுவும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆர்.ஓ.வில் ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போவதும் இதில் மிச்சம். ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் அந்தக் கழிவை வீடு துடைக்கவும் பாத்திரம் அலசவும் பிடித்துவையுங்கள். போர் தண்ணீரின் கழிவைச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பேறும்.

19. ஆண்டுக்கு இரண்டு முறை ஆய்வகம். மாவட்டந்தோறும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் உண்டு. கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் சோதிக்கலாம். கோடையில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை கொடுங்கள். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். கலங்கல், கடினத்தன்மை, இரும்பு, ஃப்ளோரைடு நான்கையும் கேளுங்கள். கலங்கல் 1 என்.டி.யு.வுக்குள் இருப்பது நல்லது, வேறு ஆதாரம் இல்லாதபோது 5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஃப்ளோரைடு 1.5 மி.கி.யைத் தாண்டினால் 18-ஆம் குறிப்பை விட்டுவிட்டு ஆர்.ஓ.வையே வைத்துக்கொள்ளுங்கள்.